கரும்பலகையின் இடது மூலை

எட்டாம் வகுப்பையும் ஒன்பதாம் வகுப்பையும் பிரிப்பது சுவர் அல்ல, இரும்புப் பீரோக்கள். முன்பு கூட்டம் நடத்துவதற்காகக் கட்டிய நீளமான அறை அது. பிள்ளைகள் கூடியதும் நடுவில் பழைய பீரோக்களை வரிசையாக நிறுத்தி இரண்டு வகுப்புகளாக்கிவிட்டார்கள். பீரோக்களின் உச்சிக்கும் ஓட்டுக்கும் நடுவே வெறும் இடம். அந்த வழியாக எட்டாம் வகுப்பின் சத்தம் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும். ஒன்பதாம் வகுப்பின் அமைதி எட்டாம் வகுப்புக்கு வரும். அமைதியும் காதில் விழக்கூடியதுதான் என்பதை பிரேமலதா அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டாள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தால் வரும் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆங்கில ஆசிரியர் மாறுதலாகிப் போனபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. நிரந்தரமாக ஒருவர் வரும்வரை என்று பள்ளி மேலாண்மைக் குழு பிரேமலதாவைத் தற்காலிகமாக எடுத்தது. அவளுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. ஆசிரியையாக ஒரு வகுப்பறைக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை.

அவளுடைய அம்மா மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இலை கிள்ளியவள். பிரேமலதா படித்தது எஸ்டேட் பள்ளிக்கூடத்தில். ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள். ஒரு மூலையில் வாய்ப்பாடு, இன்னொரு மூலையில் பாட்டு, கூரைமேல் மழை. அங்கே யாரும் யாரையும் வாயை மூடு என்று சொன்ன ஞாபகம் அவளுக்கு இல்லை. பிறகு குடும்பம் கீழே இறங்கிவந்தது. பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம் படித்தாள், பி.எட். முடித்தாள். தகுதித் தேர்வு கைகூடவில்லை. திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவில் சேர்ந்தாள். கொஞ்ச நாளைக்கு என்று சேர்ந்தது பல தீபாவளிகளைக் கடந்துவிட்டது. இடையில் கல்யாணமும் ஆயிற்று. கணவர் மகாராஜா அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசி ஆலைக்கு லோடு வேன் ஓட்டுகிறார். கடையில் அவளோடு நின்ற பெண்கள் அவளை ‘டீச்சர்’ என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். அவள் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்தபின் அது நினைவுக்கு வரும்.

ஆகவே இந்த வேலை அவளுக்கு வெறும் வேலை அல்ல. கடையில் சொன்னது கேலி இல்லை என்று ஆவதற்கு இருந்த ஒரே வழி.

முதல் மாதம் அந்த வழி அடைபடும்போலத்தான் இருந்தது. பி.எட். படிக்கும்போது பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியிருக்கிறாள். பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பின் பெஞ்சில் அவர்களுடைய சொந்த ஆசிரியர் உட்கார்ந்திருந்தார் என்பதை அவள் அப்போது பொருட்படுத்தவில்லை. இங்கே பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் ரசீத். அவனால் வாய் பேசாமல் இருக்க முடியாது என்பதை அவனே ஒத்துக்கொண்டான்.

“நான் என்ன செய்ய டீச்சர், வாய் அதுபாட்டுக்குப் போவுது.”

வகுப்பு சிரித்தது. பிரேமலதா கத்தினாள். சத்தம் கொஞ்சம் அடங்கி, அவள் பலகையில் எழுதத் திரும்பியதும் முன்னைவிடக் கூடியது. அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். மேசையில் ஸ்கேலால் தட்டினாள். அந்தத் தட்டுக்குத் தாளம் சேர்த்து ஒருவன் பெஞ்சில் தட்டினான். வார முடிவில் தொண்டை கட்டி, பேச்சே வரவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் பெரும்பாலும் அந்த நேரத்தில் இருப்பவர் கணக்கு ஆசிரியர் சங்கரசுப்பிரமணியன். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான். நெற்றியில் திருநீறு, இஸ்திரி மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. நிலமெல்லாம் தாத்தா காலத்தோடு போய்விட்ட குடும்பம். எதையும் ஒழுங்காகச் செய்யும் வழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. அவர் குரலை உயர்த்துவதே இல்லை. அவர் வகுப்பில் சாக்பீஸ் கீறும் சத்தம் பீரோவுக்கு இந்தப் பக்கம் கேட்கும். அவரிடம் படித்த பிள்ளைகள் கணக்கில் தோற்பதும் அபூர்வம். இதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு நாள் தலைமையாசிரியை அனுராதா அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

“உக்காருங்க. தொண்டை எப்படி இருக்கு?”

“பரவாயில்ல மேடம்.”

“சங்கரசுப்பிரமணியன் சார் வாய்திறந்து ஒண்ணும் சொல்லல. சொல்லுத ஆளும் இல்ல. ஆனா உங்க வகுப்புச் சத்தம் எனக்கு இங்கன வரைக்கும் கேக்கு. நான் அங்கன வந்து நின்னா பிள்ளைய அடங்கிரும். அப்புறம் நீங்க அங்கன எதுக்குன்னு ஆயிரும் பாத்துக்கிடுங்க.”

பிரேமலதா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அரையாண்டுக்கு முன்னால கமிட்டிக்காரங்க வந்து பாப்பாங்க. உங்கள வச்சுக்கிடலாமான்னு எங்கிட்டதான் கேப்பாங்க. வகுப்பு கைக்குள்ள வரலன்னா எட்டாம் வகுப்பு இங்கிலீஷ வேற ஆள்கிட்ட குடுத்துட்டு உங்கள கம்ப்யூட்டர்ல போட்டுருவேன். பிள்ளைய வெவரம் ஏத்துத வேலை மலைபோலக் கெடக்கு.”

அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொன்னார். ஆசிரியை என்று எடுத்து, கணினிமுன் உட்காரவைத்து, பிறகு அந்த வேலையும் தீர்ந்ததும் அனுப்பிவிடுவது பல பள்ளிக்கூடங்களில் நடப்பதுதான்.

அன்று பஸ்ஸில் வரும்போது அவளுக்கு ஜவுளிக்கடை ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கவுண்டருக்கு முன்னால் ஐம்பது பேர், உள்ளே அவள் ஒருத்தி. அந்தக் கூட்டத்தை அவள் கத்தி அடக்கியதில்லை. வந்து நிற்கும் ஒவ்வொருத்தியையும் ஒரு தடவையாவது முகத்தைப் பார்த்துவிடுவாள். காத்திருப்பவள் கையில் ஒரு துணியைக் கொடுத்துவிடுவாள். கையில் ஏதாவது இருப்பவள் சண்டைக்கு வருவதில்லை. கத்துகிறவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவாள். அலமாரியிலிருந்து எடுக்கும்போதும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டமாட்டாள். ஒருக்களித்து நின்று எடுப்பாள். இவையெல்லாம் தனக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. தெரிந்த ஒன்றை இடம் மாற்றி வைத்தால் அடையாளம் தெரியாமல் போவது எல்லோருக்கும் நடக்கிறது.

மறுநாள் முதல் வகுப்பு தொடங்கும் முன்பே வாசலில் போய் நின்றாள். உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி, கையில் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தாள். அதில் ஒரு சின்ன வேலை இருக்கும்: மூன்று சொல்லை ஒழுங்காக அடுக்கு, படத்துக்குப் பெயர் எழுது. உட்கார்ந்ததும் செய்ய ஏதோ ஒன்று இருந்ததால் தொடக்கத்தில் இருந்த கூச்சல் பாதியாயிற்று. பலகையில் ஒருக்களித்து எழுதப் பழகினாள். கையெழுத்து கோணியது. முதுகைக் காட்டுவதைவிட அது மேல். அமைதி வேண்டும்போது கத்தாமல் வலது கையைத் தூக்கி நின்றாள். பார்த்தவர்கள் தாங்களும் கையைத் தூக்கிப் பேச்சை நிறுத்த வேண்டும். முதல் நாள் அவள் கை வலிக்கும்வரை தூக்கி நின்றாள். ரசீத், “டீச்சர், பஸ் நிக்காது, கைய எறக்குங்க” என்றான். அதற்கும் அவள் கையை இறக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் அவன்கூடக் கையைத் தூக்கினான். எல்லோருக்கும் கடைசியாகத்தான், ஆனாலும் தூக்கினான்.

வகுப்பு கைக்கு வந்தது. சத்தம் குறையவில்லை. இதுதான் சிக்கல். கணக்கை வாய்மூடிப் படிக்கலாம். ஒரு மொழியை வாய்மூடிப் படித்தால் அது எழுத்தாகவே நின்றுவிடும். அவள் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு, பதில் சொல்லச் சொன்னாள். ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். பழைய சத்தத்தில் இருந்தது வம்பு, இப்போது இருப்பது பாடம். பீரோவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பேசு என்றதும் எல்லோரும் பேசிவிடவும் இல்லை. பாதிப் பேர் தமிழில் பேசினார்கள். மாரிக்கண்ணு என்ற பெண் எதிலும் பேசவில்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் வயல்வேலைக்குப் போகிறவர்கள். எழுதச் சொன்னால் சரியாக எழுதுவாள். வாயைத் திறக்கச் சொன்னால் பக்கத்திலிருப்பவளைப் பார்ப்பாள். இவர்களை எப்படிப் பேசவைப்பது என்று யோசித்துத்தான் பிரேமலதா அந்தத் தவறைச் செய்தாள்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன யாருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் இல்லாத நேரத்தில் வகுப்புத் தலைவர் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவைப்பது. மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அடுத்து வருகிற ஆசிரியர் அதைப் பார்த்துத் தண்டனை கொடுப்பார். எட்டாம் வகுப்பின் தலைவி மைதீன் பாத்திமா. பத்தமடையிலிருந்து சைக்கிளில் வருகிறவள், கையெழுத்து அச்சுப்போல இருக்கும். இடது மூலை அவளுடைய ஆட்சி. ரசீத்தின் பெயர் அங்கே எழுதப்பட்டு அழிக்கப்பட்டு, அந்த இடமே வெளுத்துப் போயிருந்தது.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இந்த வழக்கம் இல்லை. பிரேமலதா இதை இங்கே வந்துதான் பார்த்தாள். பெயர் மூலையில் ஏறுவதற்குப் பிள்ளைகள் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்றால், அதே மூலையைப் பெருமைக்குரிய இடமாக்கிவிடலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மைதீன் பாத்திமாவிடம் சாக்பீஸைக் கொடுத்தாள். “இனிமே எம் பீரியட்ல வம்பு பேசுதவங்க பேர எழுதாண்டாம். யாரு இங்கிலீஷ்ல ஒரு முழு வரி சொல்லுதாங்களோ அவங்க பேர எழுது.”

“பேசுனா எழுதணுமா டீச்சர்?”

“பேசுனா எழுது. இது நல்லதுக்கு.”

ரசீத் எழுந்து நின்றான். “அப்ப முதல்ல எம்பேர எழுது மக்கா. ஐ ஆம் ரசீத். எழுதியாச்சா?”

வகுப்பு சிரித்தது, ஆனால் பெயர் ஏறியது. ஏறியதைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். லீவு நாளில் என்ன செய்தீர்கள் என்பது அன்றைய கேள்வி. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு, வேஷம் கட்டிப் போய்வந்த ஒரு பையன் தான் கட்டிய வேஷத்தைப் பற்றி இரண்டு வரி சொன்னான். பிசானப் பருவ நெல் நடவு தொடங்கியிருந்த சமயம். யாரும் எதிர்பாராமல் மாரிக்கண்ணு எழுந்தாள்.

“ஐ கேரி நாத்து,” என்றாள். “சண்டே. வித் மை மதர்.”

நாற்றுக்கு ஆங்கிலச் சொல் அவளுக்குத் தெரியவில்லை. பிரேமலதா அப்போது அதைத் திருத்தவில்லை. மைதீன் பாத்திமாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மாரிக்கண்ணுவின் பெயர் பலகையில் ஏறியது. அந்த மூலையில் அந்தப் பெயர் முதல் தடவையாக வந்தது. மாரிக்கண்ணு உட்கார்ந்தபின்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. பலகையை அழித்துவிட்டுப் போவதுதான் ஆசிரியர்கள் செய்வது. பிரேமலதா மற்றதை அழித்தாள். இடது மூலையை விட்டாள். அடுத்து வருகிறவர்களும் பார்க்கட்டும் என்றே விட்டாள். மூலைக்குப் புது அர்த்தம் கொடுத்திருப்பதை அவள் வகுப்புக்குச் சொன்னாள், பள்ளிக்கூடத்துக்குச் சொல்லவில்லை. ஓர் அடையாளத்தின் பொருளை ஒருவர் மட்டும் மாற்றிவிட முடியாது. மற்றவர்கள் அதைப் பழைய பொருளிலேயே படித்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த பாடவேளை கணக்கு. சங்கரசுப்பிரமணியன் உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார். பெயர்களை அவர் படிக்கவில்லை.

“பேரு இருக்கவங்க வெளிய,” என்றார்.

ஒருவரும் அசையவில்லை.

“சார், அது இங்கிலீஷ் பேசுனதுக்கு சார்,” என்றான் ரசீத்.

“தமிழ்ல பேசுனா வெளிய, இங்கிலீஷ்ல பேசுனா உள்ளயாலே? நட.”

ரசீத் எப்போதும் சொல்லுகிற ஏதோ ஒரு சாக்காகத்தான் அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். ரசீத் சிரித்தபடி வெளியே போனான். வராந்தா அவனுக்குப் பழகிய இடம். மற்றவர்கள் அவன் பின்னால் போனார்கள். கடைசியாக மாரிக்கண்ணு. பாடவேளை முடியும்வரை அவர்கள் சுவரைப் பார்த்து நின்றார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போகும்போது பார்த்துக்கொண்டு போனார்கள். மைதீன் பாத்திமா, தான் எழுதிய பெயர்களைப் பார்க்காமல் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிரேமலதா தனக்கு வகுப்பு இல்லாத அந்த நேரத்தில் தலைமையாசிரியை அறையில் கணினியில் பிள்ளைகள் விவரம் ஏற்ற உதவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது.

மறுநாள் அவள் கேள்வி கேட்டபோது வகுப்பு அமைதியாக இருந்தது. இரண்டிரண்டு பேராகப் பேசச் சொன்னாள். தலையைக் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார்கள். சாக்பீஸை நீட்டியபோது மைதீன் பாத்திமா வாங்கவில்லை.

“எனக்குக் கை வலிக்கு டீச்சர்.”

அதற்கடுத்த நாளும் அப்படியே. வகுப்பு கடைசியில் அடங்கிவிட்டது என்று பிரேமலதா நினைத்தாள். கொஞ்சம் சந்தோஷமும் பட்டாள். இதை அவளே பின்னால் சொன்னாள். அனுராதா வராந்தாவில் போகும்போது நின்று பார்த்துவிட்டு, மதியம் அவளிடம் சொன்னார்: “இப்பத்தான் வகுப்பு மாதிரி இருக்கு. இப்படியே வச்சுக்கிடுங்க. கமிட்டி வந்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

நடந்ததைச் சொன்னவன் ரசீத்தான். வாரக் கடைசியில், வாசலில் துண்டுத்தாளை வாங்கும்போது.

“டீச்சர், நல்லதுக்குன்னு சொன்னியளே, எங்கள வெளிய நிக்க வச்சாவ தெரியுமா? எனக்கு ஒண்ணுமில்ல. அந்த மாரிக்கண்ணு அழுதுட்டு.”

அன்று மாலை வீட்டில் அவள் மகாராஜாவிடம் சொன்னாள். அவர் கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

“இப்ப பிள்ளைய சத்தம் போடுதா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“பெரிய டீச்சர் நல்லா இருக்குன்னு சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சு.”

“அப்புறம் என்னத்துக்குட்டி மண்டைய ஒடைக்க? அரையாண்டு வரைக்கும் பைய ஓட்டு. கமிட்டி வந்துட்டுப் போவட்டும். பொறவு பேச வச்சுக்கோ.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. வண்டி ஓட்டுகிறவருக்குச் செக்போஸ்ட் தாண்டும்வரை எப்படிப் போக வேண்டும் என்று தெரியும். ஆனால் பிரேமலதாவுக்கு ஒன்று உறுத்தியது. இந்த அமைதியால்தான் வேலை நிலைக்கும் என்றால், நிலைப்பது எந்த வேலை? பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்காரவைக்கிற வேலை. அதற்கு ஆங்கிலம் தேவையில்லை, அவளும் தேவையில்லை.

“செக்போஸ்ட் தாண்டுனப்புறம் வண்டியில சரக்கு இருக்கணும்லா?” என்றாள்.

மகாராஜா சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். “உங்கிட்டப் பேசி யாரு செயிக்க.”

திங்கட்கிழமை இடைவேளையில் ஆசிரியர் அறையில் சங்கரசுப்பிரமணியன் தனியாக இருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.

“பேரு இருந்தா வெளிய. நான் சர்வீசுக்கு வந்ததுலேர்ந்து அப்படித்தான் அம்மா. ஒவ்வொரு பேருக்கும் வெசாரண வச்சா கணக்கு எப்ப நடத்த?”

“சரிதான் சார். நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருக்கணும். இப்ப என்ன, நான் பிள்ளைகள்ட்டப் போயி தப்புன்னு சொல்லணுமா?”

“வேண்டாம் சார். தப்பு எம்மேலதான். அத நான் சொல்லிக்கிடுதேன். நீங்க ஒரு நாளு எங்க வகுப்புல வந்து உக்காருங்க. அவங்க என்ன பேசுதாங்கன்னு கேளுங்க. போதும்.”

“எனக்குத்தான் அங்கேருந்தே கேக்குதே,” என்றார் அவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேப்பர் திருத்தத் தொடங்கினார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அன்றைய வகுப்பில் பிரேமலதா, தவறு தன்னுடையது, சாரிடம் சொல்லாமல் விட்டது தான்தான் என்று பிள்ளைகளிடம் சொன்னாள். ஓர் ஆசிரியை இப்படிச் சொன்னால் பிள்ளைகள் உருகிவிடுவார்கள் என்று எண்ணுவது கதைப்புத்தகப் பழக்கம். அவர்கள் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். இதுவும் ஏதோ ஒன்றில் போய் முடியும் என்று நினைத்திருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து ரசீத் கேட்டான்:

“டீச்சர், பேரு எழுதாண்டாம். எழுதாம இருந்தா பேசுதோம். அடுத்த பெஞ்சுக்குக் கேக்காம பேசலாமா?”

அப்படித்தான் மறுபடியும் தொடங்கியது. முதலில் பக்கத்திலிருப்பவரின் காதில் மட்டும் ஆங்கிலம். பிறகு குனிந்து, வாய்க்குள். மழை ஓட்டில் அடிக்கும் நாட்களில் தைரியமாக. நவம்பர் கடைசியில் பழைய சத்தத்தில் பாதி வந்துவிட்டது. மாரிக்கண்ணு மட்டும் வரவில்லை. பக்கத்துப் பெண் கேட்பாள், இவள் தாளில் எழுதிக் காட்டுவாள்.

டிசம்பரில், தேர்வுக்கு முந்தின வாரம், கமிட்டி வந்தது. கமிட்டி என்றால் தலைவி வடிவம்மாளும் கூட இரண்டு பெற்றோரும்தான். வடிவம்மாளின் மகன் ஏழாம் வகுப்பில் படிக்கிறான். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் சேர்த்து வேலை நடத்துகிறவள். வரப்பில் நின்று அடுத்த வயலுக்குப் பேசுகிற குரல். அனுராதா அவர்களைக் கூட்டிக்கொண்டு எட்டாம் வகுப்புக்கு வந்தபோது ஆங்கிலப் பாடவேளை.

பாடத்தைப் பார்த்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டால் போதும். வகுப்பு மூச்சுக் காட்டாமல் எழுதியிருக்கும். பிரேமலதா வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்பினாள்.

“ரெண்டு ரெண்டு பேரா. அரையாண்டு லீவுக்கு எங்க போவீங்க, யாரு கூட, என்ன செய்வீங்க. கேளுங்க.”

முதலில் தயங்கினார்கள். பிறகு சத்தம் ஏறியது. அனுராதாவின் முகம் மாறியது.

“இந்தச் சத்தத்துல யாரு என்ன செய்யுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

“தெரியும் மேடம். ஜன்னலோர ரெண்டு பேரும் ரெண்டாவது கேள்விக்கு வந்தாச்சு. நடு பெஞ்சுல ஒரே ஆளே கேட்டுட்டு இருக்கான், இப்பப் போயி மாத்தி விடணும். ரசீத் தமிழ்ல பேசுதான்.”

“நோ டீச்சர்,” என்றான் ரசீத் பின்னாலிருந்து.

வடிவம்மாள் சிரித்தாள். பிறகு வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தாள். வேலைக்கு இறங்கியவர்களில் யார் கை ஓடவில்லை என்று பார்த்துப் பழகிய கண்.

“அந்தப் பிள்ள ஏன் டீச்சர் வாயே தொறக்கல?”

அவள் காட்டியது மாரிக்கண்ணுவை. அந்த நேரம் பார்த்துப் பீரோ வரிசையைச் சுற்றிக்கொண்டு சங்கரசுப்பிரமணியன் வந்து வாசலில் நின்றார். கையில் சாக்பீஸ். அவர் ஒன்பதாம் வகுப்பிலிருந்து சத்தத்தைக் கேட்டு வந்திருந்தார்.

பிரேமலதா வலது கையைத் தூக்கினாள். வகுப்பு ஒரே அடியாக நிற்கவில்லை. முன் பெஞ்சுகள், பிறகு நடு, கடைசியில் ரசீத். கைகள் உயர்ந்து சத்தம் இறங்கியது. சங்கரசுப்பிரமணியன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ பேசாதது என் தப்பும்மா,” என்றாள் பிரேமலதா வடிவம்மாளிடம். “ஒரு நாளு பேசுனா. பேசுன பிள்ளைய பேர நான் பலகையில எழுத வச்சேன். யாருகிட்டயும் சொல்லாம விட்டுட்டேன். பேசுனதுக்குத் தண்டனைன்னு ஆயிப்போச்சு. அதுக்கப்புறம் அவ பேசல.”

தண்டனை கொடுத்தவர் யார் என்று அவள் சொல்லவில்லை. பிள்ளைகள் எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

“வெளிய நிறுத்துனது நான்தான்,” என்றார் சங்கரசுப்பிரமணியன். அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அனுராதாவிடம் திரும்பி, “சத்தம் அங்கன வரைக்கும் கேக்கு மேடம். பத்தாம் வகுப்புக்குப் போற பிள்ளைய, கணக்கு ஓடல,” என்றார். அதுவும் உண்மை.

வடிவம்மாள் அனுராதாவைப் பார்த்தாள். “டீச்சர் இருக்கட்டும். எங்க பய அடுத்த வருசம் இங்கதான வருவான், அவனும் நாலு வார்த்தை பேசட்டும். சத்தம்தான் எடஞ்சல்னா, சத்துணவுக்கூடத்துக்குப் பக்கத்துல ஒரு ரூமு சும்மாத்தான கெடக்கு? பழைய பெஞ்செல்லாம் போட்டு வச்சிருக்கியளே. அத ஒதுக்கிக் குடுங்க. அங்கன எம்புட்டுக் கத்துனா யாருக்குக் கேக்கப்போவுது?”

அனுராதா யோசித்தார். “இங்கிலீஷ் பீரியடுக்கு மட்டும்,” என்றார். “போகும்போதும் வரும்போதும் வராந்தாவுல சத்தம் கேக்கக் கூடாது.”

அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது அந்த அறையில் உடைந்த பெஞ்சுகள் ஒரு பக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. மின்விசிறி இல்லை. ஒரு பக்கம் சாம்பார் கொதிக்கும் வாசனை, இன்னொரு பக்கம் வாய்க்கால். பிரேமலதாவை வைத்துக்கொள்வதாகக் கமிட்டி எழுதியது. நிரந்தர ஆசிரியர் வரும்வரை என்ற வார்த்தை அதில் அப்படியே இருந்தது. வகுப்பு அவள் கையில் இருந்தது, அந்த வார்த்தை மற்றவர்கள் கையில் இருந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க அவள் கற்றுக்கொண்டாள். இதைப் பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. வகுப்பில் பாதிப் பேர் இன்னும் தப்புத் தப்பாகத்தான் பேசுகிறார்கள், எழுதும்போது கேள்விக்குறி போட மறக்கிறார்கள். ஆனால் பேசுகிறார்கள்.

ஜனவரியில் ஒரு நாள், கேள்வி ஒன்றும் கேட்காதபோது, மாரிக்கண்ணு மூக்கைச் சுளித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்து, “டுடே எக் டீச்சர்,” என்றாள். முட்டை வேகும் வாசனை. முழு வரி அல்ல. பிரேமலதா தலையை ஆட்டினாள். யாரும் எதையும் எழுதவில்லை.

கணக்குப் பாடவேளை பழைய அறையில்தான் நடக்கிறது. இடது மூலையில் மைதீன் பாத்திமாவின் கையெழுத்தில் பெயர்கள் இப்போதும் இருக்கின்றன. சங்கரசுப்பிரமணியன் உள்ளே வந்ததும் முன்போல உடனே வெளியே அனுப்புவதில்லை. பெயர்களைப் படிக்கிறார். படித்துவிட்டுக் கேட்கிறார்:

“இது எதுக்கு எழுதுனது?”

ஒரு நாள் அவர் அப்படிக் கேட்டதும் ரசீத் தானாகவே எழுந்தான். “பேசுனதுக்கு சார். தமிழ்லதான் சார்.”

“சரி. நட,” என்றார் அவர். ரசீத் வராந்தாவுக்குப் போனான்.

அவர் பலகையின் மற்ற பகுதியை அழித்துவிட்டு, கணக்கை எழுதத் தொடங்கினார்.